எதிர்வாதி வரவில்லை

பதினோரு வருடம்
ஒரே வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன்:
அழைப்பாணை பெற்றும் வராதவர்
வழக்கை ஒப்புக்கொண்டவர்.
மௌனம் சம்மதம் என்று சொல்லி
அடியில் ஒரு கோடு.
அந்தக் கோடு நேராக வரவே
இரண்டு வருடம் பிடித்தது எனக்கு.

வால்பராய்சோவில்
வகுப்பு ஜன்னலைத் திறந்தால் துறைமுகம்.
கிரேன் சத்தத்துக்கு மேலே
சட்டம் சொல்லப் பழகியிருந்தேன்.
பாடம் நடத்துகிறவர்கள்
ஆராய்ச்சியும் செய்தாக வேண்டுமென்று
டீன் ஒரு படிவம் அனுப்பினார்.
எரிச்சலோடுதான்
நீதிமன்ற நிலவறைக்கு இறங்கினேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள்.
ஐந்து வருடத்துக் கட்டுகள், அறுநூற்று நாற்பத்திரண்டு.
உப்புக்காற்றில் கயிறு இற்றுப்போயிருந்தது.
காவலர் எவாரிஸ்தோ
மடித்த பெஞ்சியைக் கொடுத்துவிட்டு
வானொலியில் கால்பந்து கேட்கப் போய்விட்டார்.
எதிர்வாதி வரவில்லை.
எதிர்வாதி வரவில்லை.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நோட்டு முழுக்கச் சிறைக்கம்பி.
ஐந்நூற்றுப் பதினெட்டுப் பேர் வரவில்லை.

இத்தனை பேருக்கா சம்மதம்?

முகவரிகளோடு மலை ஏறினேன்.
இந்த ஊரில் தெரு பாதியில் படிக்கட்டாகும்,
படிக்கட்டு பாதியில்
யாருடைய துணிக்கொடிக்கோ அடியில் நுழையும்.
முந்நூற்றுப் பதினேழாம் படியில்
உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.
அவர்கள் எல்லோரும் அதற்கும் மேலே இருந்தார்கள்.

கீழே, முதல் படியருகே, ரொட்டிக்கடை.
காகிதம் கொண்டுவருகிறவருக்கு முழங்கால் வலி
என்றாள் கடைக்காரி தோர்காஸ்.
வெங்காயக் கூடைக்குப் பின்னிருந்து
ஒரு கட்டை இழுத்துக் காட்டினாள்.
அழைப்பாணைகள்.
பாதி பிரிக்காதவை,
சிலவற்றின் முதுகில் அவள் கடன் கணக்கு.
நிலவறையில் ஒவ்வொன்றுக்கும் நேராக
முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது:
சார்வு செய்யப்பட்டது.

மார்ச்சில் வகுப்பு தொடங்கியது.
அதே வாக்கியத்தை எழுதினேன். கோடு போடவில்லை.
தோர்காஸ் கொடுத்த வெற்று உறையை
முதல் வரிசையில் நீட்டினேன்.
வெங்காய வாசத்தோடு கைமாறிக் கைமாறிப்
பின்வரிசைக்குப் போனது.
அங்கே எப்போதும் தூங்குகிற நயேலி
"பெற்றும் என்றால்,
யார் பெற்றது?" என்றாள்.
அந்த ஒரு சொல்லிலேயே மணி அடித்துவிட்டது.

பாடத்திட்டம் இரண்டு வாரம் பின்தங்கியது.
தேர்வுக்கு எந்தப் பக்கமென்று
அந்த வருடம் யாரும் கேட்கவில்லை.
லௌதாரோ என் நோட்டை வாங்கிப் போய்
இரண்டு கட்டுகளை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள்,
ஐந்நூற்றுப் பதினாறுதான் என்றான்.
கொஞ்சம் கோபம் வந்தது.
பிறகு கட்டுரையைத் திருத்தினேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.
அந்தத் தீர்ப்புகளில் பாதிக்கு மேல்
ஒரே நீதிபதியின் கையெழுத்து.
ஓரியானா பாரியெந்தோஸ்,
நான் பாடம் எடுத்த முதல் வருடத்து மாணவி.
தேர்வுத்தாளில் அந்த வாக்கியத்தை
ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி
அடியில் கோடும் போட்டிருந்தாள், ஸ்கேல் வைத்து.
முழு மதிப்பெண் போட்டது நான்.

கட்டுரை அச்சானதும்
முதல் பிரதியை அவளுக்குத்தான் அனுப்பினேன்.
ஆறு வாரமாகிறது. பதில் இல்லை.
கோபமா, வெட்கமா,
ஒப்புக்கொள்கிறாளா என்று
ராத்திரி புரண்டு புரண்டு வாதாடினேன்.
விடியும்போதுதான் உறைத்தது:
தபாலில் போட்டேன்.
கையில் சேர்ந்ததா என்று யார் பார்த்தது?

நீதிமன்றம் நாலு நிறுத்தம்தான்.
அவள் அறை மூன்றாம் மாடியாம்,
லிஃப்ட் வேலை செய்வதில்லையாம்.
நாளை வகுப்பு முடிந்ததும் போகிறேன்.